மரக்கலம் டிரேடர்ஸின் இரண்டு இயக்குநர்கள்

சென்னை
8 ஜனவரி 2025

நஜீபாவுக்கு,

உறையின் மேல் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால், தயவுசெய்து முழுவதும் படி. என் எண்ணை நீ தடுத்து வைத்து ஆறு வருடம் ஆகிறது. வேறு வழி தெரியாமல்தான் பதிவுத் தபாலில் எழுதுகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மரக்கலம் டிரேடர்ஸ் பிரைவேட் லிமிடெட் என்று ஒரு கம்பெனி இருக்கிறது. அதன் இரண்டு இயக்குநர்களில் நீ ஒருத்தி.

மூன்று வாரமாக ஒரு கடனின் பின்னால் அலைந்துகொண்டிருக்கிறேன். சென்னையில் சீர்வளம் இன்ஃப்ரா என்று ஒரு கட்டுமான நிறுவனம். கடலோரத்தில் மூன்று மீன் குளிர்பதனக் கிடங்குகள் கட்டுவதாகச் சொல்லி வங்கிகளிடம் இருநூற்றுப் பன்னிரண்டு கோடி வாங்கியிருக்கிறார்கள். மூன்று இடங்களுக்கும் போய்ப் பார்த்தேன். ஒன்றில் முள்வேலி, ஒன்றில் பெயர்ப்பலகை, மூன்றாவதில் ஆடு மேய்கிறது. பணம் எங்கே போனது என்று அவர்களுடைய ஆண்டறிக்கையைப் புரட்டினால், இருபத்தொரு சின்னக் கம்பெனிகளுக்கு முன்பணமாகக் கொடுத்ததாக எழுதியிருக்கிறது. கம்பெனிப் பதிவாளரிடம் கட்டணம் கட்டி அந்த இருபத்தொன்றின் கோப்புகளையும் எடுத்தேன். கம்பெனிக்கு இரண்டு பேராக நாற்பத்திரண்டு இயக்குநர்கள். அத்தனை பேருக்கும் முகவரி காரைக்கால்!

நம் ஊர், நஜீபா. நாற்காலியில் உட்கார முடியவில்லை எனக்கு. நின்றுகொண்டே படித்தேன். பத்தொன்பதாவது கோப்பில் உன் பெயர். கணவர் நஸ்ருதீன், தலத்தெரு, பிறந்த தேதி 3 மே 1988. அந்தத் தேதியை எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

கீழே இருப்பது உன் கையெழுத்து இல்லை என்று நினைக்கிறேன். நான் நினைத்தால் போதாது, உன்னைக் கேட்க வேண்டும். இந்தக் கம்பெனி உனக்குத் தெரியுமா? எதிலாவது கையெழுத்துப் போட்டாயா? நகல்களை இணைத்திருக்கிறேன்.

சிவப்ரியா

காரைக்கால்
11 ஜனவரி 2025

சிவப்ரியா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்குக் கம்பெனி எதுவும் கிடையாது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. மெஷின் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று, கூடமாட வேலை செய்ய என் தம்பி இக்பால். என் மச்சான் நஸ்ருதீன் ஷார்ஜாவில் ஏ.சி. பழுது பார்க்கிறார். கோடியை அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

"உன்னைக் கேட்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் சிரிப்பு வந்தது. என் வாப்பாவை யார் கேட்டார்கள்? நகைச்சீட்டு நடத்தியவன் ஓடிப்போனபோது, அவனுக்காக வசூல் செய்த ஏஜென்ட் ஜெய்னுலாபுதீன் என்று பெயரும் தெருவும் போட்டு உங்கள் பேப்பரில் எழுதினீர்கள். அவரும் தன் சேமிப்பையெல்லாம் அதே சீட்டில் போட்டு ஏமாந்தவர் என்று ஒரு வரி இல்லை. அவர் நம்பர் உங்களிடம் இருந்தது. காலேஜ் படிக்கும்போது கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால் அவருக்குத்தானே போன் போடுவீர்கள்?

அதற்குப் பிறகு வாப்பா கடைத்தெருப் பக்கம் போகவில்லை. ஜும்ஆத் தொழுகைக்குக்கூடக் கடைசி வரிசையில் நின்று, முதல் ஆளாக வெளியே வந்துவிடுவார். ஒன்றரை வருடத்தில் மவுத்தாகிவிட்டார்.

என் பெயரை எதிலும் எழுத வேண்டாம். இனிக் கடிதமும் வேண்டாம்.

நஜீபா

சென்னை
16 ஜனவரி 2025

நஜீபா,

வேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

பத்திரிகையில் என் முதல் வேலை பங்குவிலைப் பட்டியலில் பிழை திருத்துவது. நாலு வருடம் எண்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தி எழுத விடுங்கள் என்று கெஞ்சிக் கெஞ்சி, கடைசியில் கிடைத்த முதல் பெரிய செய்தி அந்த நகைச்சீட்டு. என் ஊர் என்பதால் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் பக்கத்தை முடிக்க வேண்டும். நாலரை மணிக்கு ஏஜென்ட் பட்டியலில் வாப்பாவின் பெயரைப் பார்த்தேன். போனைக் கையில் எடுத்தேன். பேசினால் "பிரியாம்மா, என் பேரைப் போட்டுடாதே" என்பார், என்னால் மறுக்க முடியாது, தெரிந்தவரை விட்டுவிட்டாள் என்று அலுவலகத்தில் பேசுவார்கள் என்று பயந்தேன். போனைக் கீழே வைத்துவிட்டுப் பட்டியலில் இருந்ததை அப்படியே எழுதினேன். அதற்கு நேர்மை என்று நானே ஒரு பெயரும் வைத்துக்கொண்டேன்.

அவரும் பணத்தை இழந்தவர் என்று மூன்று மாதம் கழித்து நீதிமன்ற ஆவணத்தில் பார்த்தேன். அப்போதாவது திருத்தம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அடுத்த செய்தி, அதற்கடுத்த செய்தி என்று ஓடிவிட்டேன். அதிலிருந்து, பெயர் வரும் யாரையும் கேட்காமல் ஒரு வரி எழுதியதில்லை. ஆனால் வாப்பாவுக்கு அதனால் என்ன பயன்?

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நீ ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். இந்தக் கடன் திரும்பி வராது. ஒருநாள் வங்கி வழக்குப் போடும். அன்றைக்குப் போலீஸ் தேடி வருவது சீர்வளம் முதலாளியை இல்லை, தாளில் பெயர் உள்ள உன்னை. உன்னோடு சேர்ந்த இன்னொரு இயக்குநர் பெரியநாயகி, வரிச்சிக்குடி. இவரை உனக்குத் தெரியுமா?

சிவப்ரியா

காரைக்கால்
20 ஜனவரி 2025

சிவப்ரியா,

"நீங்கள்" போட்டு எழுத எனக்கு வரவில்லை. அதனால் கோபம் தீர்ந்துவிட்டதாக நினைக்காதே.

நேற்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வரிச்சிக்குடிக்குப் போனேன். சம்பா அறுவடை. வயலில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மிஷின் போக முடியாத மூலையில் பெண்கள் கையால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியநாயகி யார் என்று கேட்டேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மா நிமிர்ந்தார்.

"நான்தாம்மா. என்னா வேணும்?"

"அக்கா, நீங்களும் நானும் சேந்து ஒரு கம்பெனி நடத்துறோமாம்."

"என்னா கம்பெனி?"

"ஏத்துமதி கம்பெனி. ஒம்போது கோடி ரூவா வந்திருக்காம்."

அவர் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார் பார், வயலே திரும்பிப் பார்த்தது. "இந்தா கேளுங்கடி! நான் மொதலாளியாம்! இனிமே எவளும் என்னைய வேலை ஏவக் கூடாது!" என்று கத்தினார். திடீரென்று சிரிப்பு நின்றுவிட்டது. வரப்பில் ஏறி என் பக்கத்தில் வந்தார்.

"ஏம்மா, அதனாலதான் என் ஒதவித்தொகைய நிறுத்திப்புட்டாங்களா?"

ஒரு வருடமாக அவருக்கு மாத உதவித்தொகை வரவில்லை. நாலு தடவை அலைந்திருக்கிறார். "நீங்க வசதியானவங்கன்னு கம்ப்யூட்டர்ல காட்டுதும்மா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஓட்டு வீடு, ஒரு ஆடு, புருஷன் இல்லை. வசதி எங்கே இருக்கிறது என்று அவரும் வீடு பூராவும் தேடிப் பார்த்தாராம்.

ஆதார் நகலை யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். இரண்டு வருடம் முன்பு ஒரு கல்யாண மண்டபத்தில் சுயதொழில் கடன் முகாம் நடந்ததாம். நகலும் போட்டோவும் வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவேயில்லை. நான் அந்த முகாமுக்குப் போகவில்லை. என் நகல் எப்படிப் போனது?

திரும்பி வரும் வழியில் ஒரு யோசனை வந்து ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். ஏய், நான்தானே டைரக்டர்? அப்படியென்றால் கம்பெனியின் பாஸ்புக் என்னுடையது. நான் பாங்கில் போய்க் கேட்டால் என்ன செய்வார்கள்?

நஜீபா

சென்னை
23 ஜனவரி 2025

நஜீபா!

உன் கடைசி வரியைப் படித்துவிட்டு அலுவலகத்தில் கத்திவிட்டேன். நான் இப்போது வேலை செய்யும் சின்ன இணைய இதழின் ஆசிரியர் வெண்மதி பயந்துபோய் ஓடி வந்தார். பத்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் வங்கிக் கணக்கை எப்படிப் பார்ப்பது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வேன். எனக்கு எந்த வங்கியும் ஒரு வரி தராது. ஆனால் நீ கேட்டால் தந்துதான் ஆக வேண்டும்!

கோப்பில் வங்கி விவரம் இருக்கிறது. கணக்கு நம் ஊர்க் கிளையில்தான். கையெழுத்திடும் உரிமை உனக்கு. உன் படம், உன் ஆதார். போகும்போது அசல் ஆதாரையும் பான் கார்டையும் எடுத்துக்கொண்டு போ. முதலில் காவல் நிலையத்தில், உன் பெயரை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கு. அது இல்லாமல் வங்கிப் படி ஏறாதே. உள்ளே போனதும் மூன்று விஷயம் கேள். முதல் நாளிலிருந்து கணக்கு அறிக்கை. செல்போன் எண்ணை உன் எண்ணாக மாற்றுவது. உன்னைக் கேட்காமல் இனிப் பணம் போகக் கூடாது என்று எழுத்தில் ஒரு கடிதம்.

பயமாக இருந்தால் விட்டுவிடு. நான் வேறு வழி பார்க்கிறேன். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

போனில் பேசலாமா?

பிரியா

காரைக்கால்
29 ஜனவரி 2025

பிரியா,

போன் வேண்டாம். போனில் நீ அழுதால் நானும் அழுதுவிடுவேன். எனக்கு இன்னும் கோபம் பாக்கி இருக்கிறது. எழுதுகிறேன், நிதானமாகப் படி. என்னால்தான் நிதானமாக எழுத முடியவில்லை.

திங்கட்கிழமை பெரியநாயகி அக்காவையும் கூட்டிக்கொண்டு பாங்குக்குப் போனேன். கல்யாணத்துக்குக் கட்டும் நீலப் புடவையில் வந்திருந்தார். கவுண்ட்டரில் இருந்த பெண் வழக்கம்போல "செலான் எழுதிட்டு வரிசையில நில்லுங்க" என்றாள். கணக்கு எண்ணைச் சொன்னேன். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். எழுந்து உள்ளே ஓடினாள்.

மேனேஜரே வெளியே வந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர். "வாங்க மேடம், உள்ள வாங்க. டீ சொல்லட்டுங்களா?" பெரியநாயகி அக்கா "எனக்குச் சக்கர தூக்கலா" என்றார்.

மேனேஜர் என் ஆதாரைப் பார்த்தார், திரையில் உள்ள படத்தைப் பார்த்தார். ஒரே முகம். கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அங்கேதான் அவருக்கு வியர்த்தது. "மேடம், கையெழுத்து ஒத்துப்போகலையே."

"எப்படிங்க ஒத்துப்போகும்? அது நான் போட்டதில்லையே" என்று போலீஸ் ரசீதை மேசையில் வைத்தேன். முகம் என்னுடையது, கையெழுத்து மட்டும் வேறு யாருடையதோ. அப்படியென்றால் கணக்குத் திறந்த அன்று இந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தது? அதையும் அவரிடமே கேட்டேன். மனுஷன் எழுந்து நின்றுவிட்டார். மேலதிகாரிக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசினார். பிறகு என் பெயரில் இருந்த பழைய கையெழுத்தையெல்லாம் ரத்து செய்து புதிதாக எழுதி வாங்கினார். செல்போன் எண்ணை மாற்றினார். கணக்கு அறிக்கையை அச்சடித்துக் கொடுத்தார். முப்பத்தெட்டுப் பக்கம்! அதுவும் போலீஸ் ரசீதின் நகலும் இத்துடன் இருக்கின்றன.

இனிமேல்தான் கதையே. செவ்வாய்க்கிழமை பதினோரு மணி, கடையில் ஒரு பையனின் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் அடித்துக்கொண்டிருக்கிறேன். என் போனில் ஓ.டி.பி. வருகிறது. ஒரு கோடியே நாற்பது லட்சம் அனுப்ப! ஐந்து நிமிடத்தில் இன்னொன்று. மூன்றாவதும் வந்தது. சென்னையில் எவனோ பட்டனை அமுக்கிக்கொண்டிருக்கிறான், எண் மட்டும் என் கையில் இருக்கிறது. அப்புறம் போன்.

"மேடம், சிஸ்டத்துல சின்னப் பிரச்சினை. உங்க நம்பருக்கு ஆறு இலக்கத்துல ஒன்னு வந்திருக்கும், கொஞ்சம் சொல்றீங்களா?"

"நீங்க யாருங்க?"

"மரக்கலம் டிரேடர்ஸ்லேருந்து பேசுறேன்."

"அப்படியா? மரக்கலம் டிரேடர்ஸ்ல நான் டைரக்டருங்க. நீங்க என்னா வேலையில இருக்கீங்க?"

லைன் கட். பிரியா, ஆறு வருடமாக நான் இப்படிச் சிரித்ததில்லை.

நஜீபா

சென்னை
1 பிப்ரவரி 2025

என் அருமை டைரக்டரே,

முப்பத்தெட்டுப் பக்கத்தையும் நானும் வெண்மதியும் தரையில் பரப்பி வைத்து, மண்டி போட்டுப் படித்தோம். கிடைத்துவிட்டது. சீர்வளத்திலிருந்து உன் கம்பெனிக்கு வந்த ஒன்பது கோடியில், நீ தடுத்த ஒரு கோடியே நாற்பது லட்சம் போக மீதி முழுவதும், வந்த இரண்டே நாளில் ஒரு நிலம் வாங்கும் நிறுவனத்துக்குப் போயிருக்கிறது. அந்த நிறுவனத்தின் ஒரே உரிமையாளர் சீர்வளம் முதலாளியின் மனைவி. வங்கிக் கடன் உன் பெயரில் புகுந்து, அவருடைய வீட்டில் வெளியே வந்திருக்கிறது. ஒன்றரை மாதமாக நான் தேடிய பாலம் அதுதான்.

இப்போது ஒரு கஷ்டமான விஷயம். இதைத் தள்ளிப்போடக் கூடாது என்று உன்னிடம்தான் கற்றுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை உன்னை அழைத்தவனுக்கு உன் எண் எப்படித் தெரிந்தது? வங்கியின் திரையில் கடைசி மூன்று இலக்கம்தான் தெரியும். ஊரில் உன்னைத் தெரிந்த யாரோ கொடுத்திருக்கிறார்கள். இன்னொன்று. நாற்பத்திரண்டு ஆதார் நகல்களையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கருப்புக் கோடு ஓடுகிறது. கண்ணாடியில் கீறல் விழுந்த ஜெராக்ஸ் மெஷினில்தான் இப்படி வரும். நீ எனக்கு அனுப்பிய போலீஸ் ரசீதின் நகலிலும் அதே கோடு இருக்கிறது.

நீ இதைச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். உன் கடையில் வேறு யார் மெஷினைத் தொடுவார்கள்?

பிரியா

காரைக்கால்
5 பிப்ரவரி 2025

பிரியா,

உன் கடிதத்தைக் கடையிலேயே படித்தேன். இக்பால் எதிரில் ஒருவருக்கு லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கேட்டேன். முதலில் கத்தினான். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

முகாம் நடத்தியவர்களுக்கு ஊரில் ஆள் சேர்த்துக் கொடுத்தது அவன்தானாம். எங்கள் மெஷினில்தான் நகல் எடுத்திருக்கிறான். ஆளுக்கு இருநூறு ரூபாய். "கம்பெனின்னு சத்தியமா தெரியாது லாத்தா. லோன் வாங்கித் தர்றோம்னுதான் சொன்னாங்க. நாப்பத்திரண்டு பேரு வேணும்னாங்க. கடைசியில ஒன்னு குறைஞ்சுது. ஒன்னோட காப்பி டிராயர்ல கெடந்துச்சு..." என்றான்.

இருநூறு ரூபாய்க்கு என்னை விற்றிருக்கிறான், பிரியா. போன வாரம் என் நம்பரைக் கேட்டு அவர்கள் அழைத்தபோது, பயத்தில் அதையும் கொடுத்திருக்கிறான். அறைந்தேன். பிறகு நானே அழுதேன். அவனுக்கு ஏப்ரலில் நிக்காஹ் பேசி முடித்திருக்கிறது.

உம்மாவுக்கு இன்னும் தெரியாது. வாப்பா பெயர் பேப்பரில் வந்த வீட்டில், இப்போது மகன் பெயரும் வரப்போகிறதா? பிரியா, உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை. அவன் பெயரை விட்டுவிடு. ஏதாவது ஒரு ஏஜென்ட் என்று எழுதிக்கொள். உன்னால் முடியுமா?

நஜீபா

சென்னை
7 பிப்ரவரி 2025

நஜீபா,

முடியும் என்று எழுதவும் கை வரவில்லை, முடியாது என்று எழுதவும் வரவில்லை. இரண்டையும் அவனைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். அன்றைக்கு வாப்பாவுக்குச் செய்யாததை இக்பாலுக்குச் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அவன் எதிரில் உட்கார்ந்து, முழுவதும் கேட்டுவிட்டு அப்புறம்தான் பேனாவை எடுப்பேன். நீ கதவைத் திறக்காவிட்டால் வாசலில் உட்கார்ந்துகொள்கிறேன்.

பிரியா

சென்னை
20 பிப்ரவரி 2025

நஜீபா,

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்தில் என்னை ஏற்றிவிட்டபோதும் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றாய். ஆனால் என் பைக்குள் இறால் வைத்துச் சுட்ட வாடாப் பொட்டலம் இருந்தது. திண்டிவனம் வருவதற்குள் காலி.

இக்பாலை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஐந்து மணி நேரம் பேசினான். பெயரைப் போடட்டுமா என்று நான் கேட்டபோது அவன் சொன்னது அப்படியே கட்டுரையில் வருகிறது: "போடுங்கக்கா. ஆனா நான் என்னா செஞ்சேனோ அது மட்டும் போடுங்க. எவ்ளோ வாங்கினேங்கிறதையும் போடுங்க." அவன் போனில் சீர்வளம் மேலாளர் அனுப்பிய குரல் பதிவுகள் பதினேழு இருந்தன. அவற்றில் ஒன்றில் மேலாளர் முதலாளியின் பெயரைச் சொல்லி, "அவருக்கு நாப்பத்திரண்டு தலை வேணும், சீக்கிரம்" என்கிறார். அந்த ஒன்று போதும். வழக்கறிஞரோடு போய் அவனே வாக்குமூலம் கொடுத்துவிட்டான் என்று நேற்றுக் கேள்விப்பட்டேன். துணிச்சல்தான்.

நேற்று சீர்வளம் முதலாளியை அழைத்தேன். பதினொன்றாவது தடவை எடுத்தார். கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். "அந்தக் கம்பெனிகளுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. அவங்கல்லாம் சுதந்திரமான தொழிலதிபர்கள்" என்றார். பெரியநாயகி அக்காவைத் தெரியுமா என்றேன். "பெரிய வியாபாரி, நல்ல பழக்கம்" என்றார். நஜீபா, அதை எழுதிக்கொள்ளும்போது சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தேன்.

சனிக்கிழமை வெளிவருகிறது. முதல் பத்தியைப் படிக்கும்போது உம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்.

பிரியா

காரைக்கால்
24 பிப்ரவரி 2025

அடி பிரியா,

உம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. நான்தான் போனைப் பார்த்துப் படித்துக் காட்டினேன். சீர்வளம், கோடி என்றுதான் தொடங்கும் என்று நினைத்தேன். "ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒரு செய்தியில் காரைக்கால் ஜெய்னுலாபுதீன் அவர்களுக்கு அநீதி இழைத்தேன்" என்று தொடங்கினால் நான் எப்படிப் படிப்பது? அவர் ஏமாந்தவர், யாரையும் ஏமாற்றியவர் இல்லை, அவரைக் கேட்காமல் எழுதினேன், அதனால்தான் இந்தக் கட்டுரையில் உள்ள ஒவ்வொருவரையும் நேரில் கேட்டேன் என்று நீ எழுதியதை எப்படியோ முடித்தேன். உம்மா கமர் நிஷா, உனக்குத் தெரியும், எளிதில் அழ மாட்டார். தஸ்பீஹ் மணிமாலையை மடியில் வைத்துவிட்டு, "இன்னொரு தடவை படி" என்றார். நாலு தடவை படித்தேன். பிறகு "சரி, அந்தப் புள்ள சாப்புட்டாளான்னு கேளு" என்றார். அவ்வளவுதான்.

இக்பால் பெயர் வந்த இடத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். தஸ்பீஹை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். பெண் வீட்டார் இரண்டு மாதம் தள்ளி வைத்திருக்கிறார்கள், முறிக்கவில்லை. பெண் நேராக இவனுக்கே போன் செய்து, "உண்மையைச் சொன்னீங்கல்ல, அது போதும்" என்றாளாம். இவன் இரண்டு நாளாகத் தரையில் நடக்கவில்லை.

ஊர் கொதிக்கிறது! கடையில் ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களைவிட "என் பேரு அதுல இருக்கா?" என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். உன் பட்டியலை வைத்துக்கொண்டு இருபத்தாறு பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாவூது மாமா ஒரு கம்பெனிக்கே டைரக்டர். வீட்டில் அவர் பேச்சை ஒருவரும் கேட்பதில்லையாம்.

நஜீபா

சென்னை
5 மார்ச் 2025

நஜீபா,

கெட்ட செய்தி. இருபத்தொரு கணக்குகளையும் வங்கி முடக்கிவிட்டது, வழக்கும் பதிவாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் இருந்தோம். நேற்று ஒரு வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தது. அவதூறு. பதினைந்து நாளில் கட்டுரையை நீக்கி மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் ஐம்பது கோடி நஷ்டஈடு.

இதுவரை எனக்கு முப்பத்தொரு நோட்டீஸ் வந்திருக்கிறது, பயந்ததில்லை. ஆனால் இது வேறு மாதிரி. சீர்வளம் தன் பெயரில் அனுப்பவில்லை. இருபத்தொரு கம்பெனிகளும் தனித்தனியாக அனுப்பியிருக்கின்றன. அவை சுதந்திரமானவை என்று காட்டத்தான். இருபத்தொரு வழக்குக்கும் ஓடி ஓடி நிற்க ஆறு பேர் வேலை செய்யும் எங்கள் இதழால் முடியாது. வெண்மதி நேற்றிலிருந்து வழக்குச் செலவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். கட்டுரையைத் தற்காலிகமாக எடுத்து வைக்கலாமா என்று இன்று மெதுவாகக் கேட்டார்.

எடுத்தால் வாப்பாவைப் பற்றிய பத்தியும் போய்விடும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முதல் நோட்டீஸ் யாருடையது தெரியுமா? மரக்கலம் டிரேடர்ஸ். "எங்கள் இயக்குநர்கள் கடும் மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளனர்" என்று இருக்கிறது. நகலை அனுப்புகிறேன்.

பிரியா

காரைக்கால்
16 மார்ச் 2025

பிரியா,

எனக்கு மன உளைச்சலா? எனக்கே தெரியாமல்?

நோட்டீஸ் வந்த அன்றே கம்பெனிச் சட்டத்தை இறக்கிப் படித்தேன். இயக்குநர் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு. இரண்டு இயக்குநர்கள் இருந்தால் கூட்டம் செல்லும். மரக்கலத்துக்கு இருப்பதே இரண்டு பேர்தான். பெரியநாயகி அக்காவுக்கு முறையாகக் கடிதம் எழுதி, நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன்.

நேற்றுச் சாயங்காலம் நாலு மணிக்கு, வரிச்சிக்குடியில் அவர் வீட்டில் கூட்டம். நான் நோன்பு. அவர் எனக்காகத் தானும் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். இக்பாலின் வழக்கறிஞரே வந்து எல்லாம் முறைப்படி நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். நான் தீர்மானத்தை வாசித்தேன்:

"மரக்கலம் டிரேடர்ஸ் பிரைவேட் லிமிடெட் பெயரில் அனுப்பப்பட்ட அவதூறு நோட்டீஸ், இயக்குநர்களாகிய எங்களுக்குத் தெரியாமலும் எங்களைக் கேட்காமலும் அனுப்பப்பட்டது. அது இன்றோடு திரும்பப் பெறப்படுகிறது. கட்டுரையில் எங்களைப் பற்றி எழுதியவை அனைத்தும் உண்மை."

"சம்மதமாக்கா?"

"சம்மதம். எங்க போடணும்?"

பெரிய எழுத்தில், நிறுத்தி நிறுத்தி, முழுப் பெயரும் எழுதினார். பேனாவை மூடப் போனவர் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, அப்ப நெசமாவே நாமதான் மொதலாளியா?"

"தாள்ல நாமதாங்கக்கா."

"அந்த வக்கீலு நம்ம வக்கீலா?"

"நம்ம பேர்லதான் நோட்டீஸ் உட்டிருக்காரு."

"அப்ப அந்தாளை வேலைய உட்டு நிறுத்தும்மா. மொதலாளியைக் கேக்காம நோட்டீஸ் உடுறவன் நமக்கு எதுக்கு?"

இக்பாலின் வழக்கறிஞர் கையிலிருந்த தாளைக் கீழே போட்டுவிட்டார். அது செல்லுமா என்று கேட்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தாராளமா செல்லும்" என்றார். தீர்மானம் இரண்டு: மேற்படி வழக்கறிஞர் உடனடியாக நீக்கப்படுகிறார். அதற்கும் கையெழுத்து. இரண்டின் அசலும் இந்த உறையில் இருக்கின்றன. வெண்மதி அக்காவிடம் காட்டிவிட்டுப் பத்திரமாக வை.

இதை முழுவதும் நீ பார்த்திருக்க வேண்டும். நோன்பு திறந்து, கொண்டுபோன கஞ்சியை ஊற்றிக்கொண்டிருந்தோம். தெருவில் சத்தம். எட்டிப் பார்த்தால் தாவூது மாமா ஆட்டோவில் வந்து இறங்குகிறார். பின்னால் இன்னொரு ஆட்டோ, டி.வி.எஸ். ஃபிஃப்டியில் மூன்று பேர், சைக்கிளில் ஒருத்தர். முப்பது பேருக்குக் குறையாது. எல்லாருடைய கையிலும் ஆதார் அட்டை. தங்கள் கம்பெனி பேரில் போன நோட்டீஸையும் திரும்பப் பெற வேண்டுமாம். கம்பெனி கம்பெனியாகச் சேர்ந்து நில்லுங்கள் என்று இக்பால் வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறான்.

பெரியநாயகி அக்கா கஞ்சிக் குவளையை ஓரமாக வைத்தார். புடவையை உதறி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"அடுத்த கம்பெனி உள்ள வாங்க!"

நஜீபா